முதல் போர்டில் வைத்த பொட்டு

போன வாரம் உங்களில் இருவர் என் வீடு தேடி வந்தீர்கள். தூங்கிக் கிடக்கவேண்டிய சர்க்யூட் போர்டு கணக்குக்கு மேல் கரண்ட் குடிக்கிறது, எந்த பார்ட்டை மாற்றிப் பார்த்தாலும் குறையவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நான் நேராகப் பதில் சொல்லாமல் காப்பி போடப் போனேன், பிறகு முறுக்குத் தட்டை எடுத்து வைத்தேன், பிறகு உங்கள் ஊர்ப் பக்கம் மழை எப்படி என்று விசாரித்தேன். கிழவர் மறந்துவிட்டார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மறக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்து வெகுநாள் ஆயிற்று, சீக்கிரம் பதில் சொன்னால் சீக்கிரம் கிளம்பிவிடுவீர்களே என்றுதான் இழுத்தேன். அதற்குள் உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் சாலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த தகர ஷெட்தான் அப்போது நம் கம்பெனி. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் ஏசி ஹால் எல்லாம் பின்னால் வந்தது. மலையடிவாரத் தோட்டங்களுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். வேலியோரம் ஒரு கழியில் கட்டிவிட்டால் போதும். பன்றியோ யானையோ அசைந்தால் உள்ளே இருக்கும் போர்டு விழித்துக்கொண்டு ரேடியோவில் சேதி அனுப்பும்; காவல் பரணில் இருக்கும் மணி அடிக்கும். மற்ற நேரமெல்லாம் அந்தப் போர்டு தூங்கவேண்டும். தூக்கத்தில் எட்டு மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்கவேண்டும். ஒரு சின்ன விளக்கு எரியக் குடிப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது அது. அப்படித் தூங்கினால் காசு மாதிரி இருக்கும் ஒரு சின்ன செல் இரண்டு வருஷம் தாங்கும்.

எட்டு மைக்ரோ ஆம்பை அளக்க நல்ல மீட்டர் வேண்டும். எங்களிடம் இருந்தது வயதான மீட்டர். சில நாள் ஏற்றிக் காட்டும், சில நாள் இறக்கிக் காட்டும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முதன்முதலில் சரியாக வேலை செய்த போர்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்போம். அதற்குப் பெயரே முதல் போர்டு. புதிதாக வரும் ஒவ்வொரு போர்டையும் அதன் பக்கத்தில் வைத்து அளப்போம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் பாஸ். மீட்டர் பொய் சொன்னாலும் இரண்டு பேருக்கும் ஒரே பொய்யைத்தானே சொல்லும்? இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் எங்களைக் காப்பாற்றிய வழக்கம் அது.

டெஸ்ட் ரூம் என் பொறுப்பு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டில் பார்ட்டுகளைப் பற்றவைக்கும் சால்டரிங் லைன் என் மனைவி ஈஸ்வரியின் பொறுப்பு. ஷெட்டில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி அவளுடைய கணவன் என்பதற்காகக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதியும் எனக்கு அவள் விட்டுக்கொடுத்தது என்று லைனில் கேலி செய்வார்கள்.

ஒரு ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், முதல் போர்டையும் எடுத்து நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டாள். நான் பதறிப்போய்க் கத்தினேன்.

"அடியே, போர்டு மேல வைக்கலாமா? டப்பா மேல வையி!"

"உசுரு உள்ளதான இருக்கு? டப்பாவுக்கு வச்சு என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள்.

லைன் முழுக்கச் சிரித்தது. பொட்டு காய்ந்த பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அளந்தேன். எட்டுதான். அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. காற்றில் ஈரமே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது முக்கியமாகத் தோன்றவில்லை. எட்டு காட்டியது, போர்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மாசி மாதம் ஈஸ்வரி இறந்துபோனாள். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றாள், தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மகன் ஓசூரிலிருந்து வந்து காரியம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனான். கூட வந்துவிடுங்கள் என்றான். வேலை இருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பப் போன முதல் நாளிலிருந்து ஷெட்டில் யாரும் என்னிடம் சத்தம் போட்டுப் பேசவில்லை. நான் உள்ளே நுழைந்தால் லைனில் பேச்சு நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் எனக்கென்று ஒரு பெஞ்சை விட்டுவிடுவார்கள், நான் தனியாக இருக்க விரும்புவேன் என்று நினைத்து. நான் விரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது உப்பு அதிகம் என்று குறை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. ஆனால் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தினமும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

ஆனி மாதம் அடுத்த லாட் போர்டுகள் வந்தன. பழைய ரேடியோ சிப் கிடைக்காமல் வேறு கம்பெனி சிப் போட்டிருந்தோம். அப்போது கேரளா பக்கமிருந்து சாரல் இறங்க ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பியெல்லாம் நசநசவென்று இருந்தது. அலமாரியிலிருந்து முதல் போர்டை எடுத்து வைத்து அளந்தேன். மீட்டர் நூற்றைம்பது காட்டியது. புதுப் போர்டை வைத்தேன். அதுவும் நூற்றைம்பதை ஒட்டித்தான் காட்டியது. மீட்டர் மறுபடி ஏற்றிக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒத்துப்போகிறதல்லவா, அதுதானே வழக்கம். லாட் மொத்தமும் பாஸ் ஆகி, தேவாரம் மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு என் பக்கத்தில் நின்றிருந்த இஞ்சினியர் பிரவீணா, தேவதானப்பட்டிப் பெண், முதல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார்..." என்று ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அந்த ஒண்ணுமில்லையை நான் துருவிக் கேட்கவில்லை.

ஆவணியில் தேவாரத்திலிருந்து போன் வந்தது. தவசி என்ற காவல்காரரைப் பன்றி குத்திவிட்டது. அவர் காவல் காத்த தோட்டத்தில் எங்கள் பெட்டிதான் இருந்தது.

மறுநாள் பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே தொடை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"எப்படியண்ணே ஆச்சு?"

"விடியக்காலைல பரண விட்டு எறங்குனேன் சார். மணி அடிக்கலையா, ஒண்ணும் வரலைனு நெனச்சுட்டேன். கடலைச் செடிக்குள்ள குட்டியோட நின்னுருக்கு."

"முன்னெல்லாம் இறங்குறதுக்கு முந்தி டார்ச் அடிச்சுப் பாப்பீகல்ல?"

"பாப்பேன். அப்பல்லாம் ஏது சார் தூக்கம், உக்காந்தே கெடப்பேன். நீங்க வந்து பெட்டியக் கட்டுனப்ப சொன்னீகள்ல, இனிமே நிம்மதியாப் படுங்கண்ணேனு. படுத்தேன்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றினேன். இரண்டு வருஷம் தாங்கவேண்டிய செல் இரண்டு மாதத்தில் செத்திருந்தது. வழியில் இன்னும் சில தோட்டங்களில் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. எல்லாப் பரணிலும் யாரோ ஒருவர் மணியை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் அடுத்த லோடு பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளி திராட்சைத் தோட்டக்காரர், நல்ல மனிதர், பொறுமைதான் கிடையாது.

"சார், செல்லப் பெருசா மாத்திப் போட்டு அனுப்பிருவமா? அங்கன ஆனை எறங்குதுங்குறாக. போன் மேல போன் வருது. இல்லேனு சொன்னா சனம் என்ன பண்ணும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கே குடிக்கிறது என்று தெரியாத போர்டுக்குப் பெரிய செல் போட்டால் அது சாகும் நாள்தான் தள்ளிப்போகும். அதற்குள் அவர்கள் இன்னும் ஆழமாகத் தூங்கப் பழகியிருப்பார்கள். வேனை நிறுத்துங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒரு நாள்தான் சார்" என்றார்.

மதுரையிலிருந்து நல்ல மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து அளந்தோம். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கிழட்டு மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தது. செத்த பெட்டியிலிருந்த போர்டு நிஜமாகவே நூற்றைம்பது குடித்தது. முதல் போர்டும் நிஜமாகவே நூற்றைம்பது குடித்தது.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நீங்களும் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இது, கவனியுங்கள். புது லாட்டில் மாறியது ரேடியோ சிப் ஒன்றுதான். இயல்பாக அதன்மேல்தான் சந்தேகம் வரவேண்டும். ஆனால் முதல் போர்டில் இருப்பது பழைய ரேடியோ. அதுவும் அதே அளவு குடிக்கிறது என்றால் ரேடியோவைக் குற்றம் சொல்ல முடியாதே? அதை விடுதலை செய்துவிட்டு இரண்டு போர்டுக்கும் பொதுவாக இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கெப்பாசிட்டரை எடுத்தேன், சென்சாரை எடுத்தேன், ரெகுலேட்டரை மாற்றினேன். எண் அசையவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. வாசலில் டிரைவர் வேன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

பிரவீணா டீ டம்ளரோடு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சார், சொன்னாக் கோவிச்சுக்கிறக் கூடாது."

"சொல்லும்மா."

"முதல் போர்டுல... அந்தப் பொட்டு."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு போர்டைப் பார்த்தேன். அத்தனை நாள் கையில் எடுத்து எடுத்து வைத்தவன், அன்றுதான் அதைப் போர்டாகப் பார்த்தேன். சந்தனம் பொருக்கு விட்டு, குங்குமம் ஈரத்தில் கொஞ்சம் பரவி, சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே படிந்திருந்தது. ஒன்று செல்லின் பிளஸ், மற்றது மைனஸ். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. காய்ந்திருக்கும்வரை சாது. ஈரத்தைக் குடித்தால் மெல்லிசாக ஒரு கம்பி போட்ட மாதிரிதான்.

மீட்டரில் மாட்டிவிட்டுக் குனிந்து பொட்டின்மேல் வாயால் ஊதினேன். மூச்சின் ஈரம் பட்டதும் எண் மளமளவென்று ஏறி இருநூறைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் இறங்கியது. மறுபடி ஊதினேன், மறுபடி ஏறியது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு பதில் வந்த மாதிரி இருந்தது எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் இன்னும் நாலைந்து தரம் ஊதினேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆனியிலயே சந்தேகம் சார். லைன்ல எல்லாருக்குமே உண்டு."

"ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?"

"அக்கா வச்சுட்டுப் போனாக சார். நீங்க தெனம் அதத்தான் எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தீக. அத அழிங்கனு எந்த வாயால சொல்றது?"

கோபம் வந்தது. தவசியின் தொடையில் இருந்த கட்டு கண்ணுக்குள் வந்தது. கத்தப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அத்தனை பேரும் என்மேல் வைத்த பிரியத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பிரியம் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அது என் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. நான் எட்ட இருந்தேன், அவர்களும் எட்ட இருந்தார்கள், நடுவில் ஒரு மனிதர் குத்துப்பட்டுவிட்டார்.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளியும் லைன் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். பிரவீணா ஒரு வழி சொன்னாள். "இந்தப் போர்ட நீங்க வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க சார். வேற ஒண்ண முதல் போர்டா வச்சுக்கிருவோம்." முதலாளியும், "அதச் செய்யுங்க சார், அது கெடக்கட்டும்" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் எந்தப் போர்டை முதல் போர்டாக வைப்பது? பழைய ரேடியோவோடு ஷெட்டில் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். ஊதினால் ஏறுகிறது என்பது, பொட்டும் குடிக்கிறது என்றுதான் சொல்லும். பொட்டு மட்டும்தான் குடிக்கிறது என்று சொல்லாது. ஹேர் டிரையர் கொண்டுவந்து காயவைத்துப் பார்த்தோம். எண் அறுபது வரை இறங்கி நின்றுகொண்டது. அந்த அறுபது பொட்டில் மிஞ்சிய ஈரமா, இல்லை போர்டின் குறையா? போர்டின் குறை என்றால் நான் இன்னும் கழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பொட்டுதான் என்றால் விடுதலையான ரேடியோ மறுபடி கூண்டில் ஏறும். இரண்டில் எது என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது, பொட்டைத் துடைத்துவிட்டு அளப்பது. வேன் வாசலில் நின்றது.

"நான் தொடைக்கட்டுமா சார்?" என்றாள் பிரவீணா.

"வேண்டாம்மா. நானே."

பஞ்சை ஆல்கஹாலில் நனைத்தேன். பெருக்கிப் பார்க்கும் கண்ணாடியின் கீழே வைத்தபோது சந்தனத்தில் அவள் விரல் ரேகை தெரிந்தது. மோதிர விரல். சுழி சுழியாக அப்படியே பதிந்திருந்தது. போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சை வைத்தேன். முதலில் சிவப்பாக வந்தது, பிறகு மஞ்சளாக, பிறகு பஞ்சு வெள்ளையாகவே வந்தது. எல்லோருக்கும் எதிரில் அழுதேன், அதை மறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டரில் மாட்டினேன்.

எட்டு.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. குறை புது ரேடியோவில்தான். போர்டு தூங்கும்போது ரேடியோவுக்குப் போகும் பிரதான கரண்டை நாங்கள் அறுத்துவிடுகிறோம். ஆனால் சிக்னல் கால் ஒன்றில் கரண்ட் நின்றுகொண்டே இருந்தது. பழைய சிப் அதைத் தொடாது, புது சிப் அது வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. வயலில் மடையை அடைத்த பிறகும் வரப்பில் இருக்கும் நண்டு வளை வழியாகத் தண்ணீர் போகிற மாதிரி. தூங்கப் போகுமுன் அந்தக் காலில் நிற்கும் கரண்டையும் இறக்கிவிடும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தோம். வேனில் இருந்த பெட்டிகளை இறக்கி, லைன் மொத்தமும் உட்கார்ந்து புது புரோகிராமை ஏற்றியது. தேவாரத்துக்குப் போனவற்றையும் திரும்ப வாங்கிச் சரிசெய்தோம். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது பிரவீணா வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீயில் சர்க்கரை கூடிப்போச்சு என்று குறை சொன்னாள்.

இன்னொன்றும் செய்தேன். வாய் திறக்காத மணியை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டுதான் தவசி பரணிலிருந்து இறங்கினார். அதனால் தினமும் பொழுது சாயும்போது ஒவ்வொரு பெட்டியும், ஒன்றுமே வராவிட்டாலும், ஒரு தரம் மணியைத் தட்டவேண்டும் என்று மாற்றினேன். அது கொஞ்சம் கரண்ட் குடிக்கும்தான், செல்லின் ஆயுளில் சில மாதம் போகும். போகட்டும். கால் ஆறி மறுபடி காவலுக்கு வந்த தவசியைப் பார்க்கப் போனபோது, அவர் இலேசாக விந்தி விந்தி நடந்துவந்தார்.

"சாயந்தரமானா ஒரு கொரல் குடுக்குது சார். நானும் பதிலுக்கு, இருக்கேண்டானு சொல்லிக்கிருவேன். இந்தக் காட்டுக்குள்ள வேற யாரு இருக்கா பேச?"

ஆகவே பிள்ளைகளே, உங்கள் போர்டைப் பற்றிக் கேட்டதற்கு என் பதில் இது. எதை வைத்து ஒப்பிடுகிறீர்களோ முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். ஒரு அளவை எழுதினால் அன்றைக்குக் காற்றில் ஈரம் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு போர்டு ஒரே எண்ணைக் காட்டினால் காரணமும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் "ஒண்ணுமில்ல சார்" என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று முதல் போர்டை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அது என் மேஜைமேல் இருக்கிறது, பக்கத்தில் பழைய மீட்டரும். நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். போன வருஷம் போட்ட செல்லிலேயே இன்னும் ஓடுகிறது. சாரல் இறங்கும் நாட்களில் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போகும்போது, அதை மீட்டரில் மாட்டி, குனிந்து அந்த இடத்தில் ஊதிப் பார்ப்பேன். எட்டிலேயே நிற்கிறது. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.